பூட்டுக்கும் ஒரு கெடு வேண்டும்: வீடியோ கேம்களின் நகல் தடுப்பு யாருக்கு லாபம்?

2000-ஆம் ஆண்டு பிளேஸ்டேஷனுக்கு ‘ஸ்பைரோ: இயர் ஆஃப் தி டிராகன்’ என்ற கேம் வந்தது. செய்தவர்கள் அமெரிக்காவின் இன்சோம்னியாக் நிறுவனத்தார். முந்தைய ஸ்பைரோ கேமின் நகல் தடுப்புப் பூட்டைச் சீக்கிரமே உடைத்துவிட்டார்கள் என்பதால் இந்த முறை வேறு மாதிரி யோசித்தார்கள். திருட்டு நகலைப் போட்டால் ஓட மறுப்பதுதான் அதுவரை வழக்கம். இவர்கள் அதை ஓடவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் ஜோயி என்ற தேவதை திரையில் வந்து, இது யாரோ கைவைத்த நகல் போலிருக்கிறது, வழக்கத்தில் இல்லாத சிக்கல்கள் வரலாம் என்று எச்சரிப்பாள். அப்புறம் சேர்த்துவைத்த ரத்தினங்களும் டிராகன் முட்டைகளும் காணாமல் போகும். விளையாடிக்கொண்டிருக்கும்போதே மொழி மாறும். இத்தனையையும் சகித்துக்கொண்டு கடைசிச் சண்டை வரை போய்விட்டால், சூனியக்காரியோடு மோதிக்கொண்டிருக்கும் நேரத்தில் கேம் நம்மைத் தொடக்கத்துக்கே தள்ளிவிடும். சேமித்த கோப்பும் அழிந்துபோகும்.

பூட்டை உடைப்பவருக்கு இது பெரிய தலைவலி. ஓட மறுக்கும் கேம் என்றால், அது ஓடத் தொடங்கியதும் வேலை முடிந்தது. இங்கே கேம் ஓடுகிறது, ஆனால் முழுசாக உடைத்தோமா இல்லையா என்பது கடைசிவரை விளையாடிப் பார்த்தால்தான் தெரியும். ஒரு சோதனையை நீக்கினால், அது நீக்கப்பட்டதை இன்னொரு சோதனை கண்டுபிடிக்கும். இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது, சரியாக ஓடும் நகல் ஒன்று வெளிவர. என்றைக்குமே உடையாது என்று அந்த நிரலாளர்கள் நம்பவில்லை. விற்பனையில் கணிசமான பகுதி முதல் இரண்டு மாதத்திலேயே நடந்துவிடும், அதுவரை தாங்கினால் போதும் என்பதுதான் அவர்கள் போட்ட கணக்கு.

நகல் தடுப்பைப் பற்றிப் பேசும்போது இந்தக் கால அளவைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். ‘எப்படியும் உடைக்கத்தான் போகிறார்கள், எதற்கு இந்த வீண் செலவு’ என்பது விளையாடுபவர்களின் பேச்சு. ‘இது இல்லாவிட்டால் தொழிலே படுத்துவிடும்’ என்பது நிறுவனங்களின் பேச்சு. தமிழ் சினிமாவுக்கு முதல் மூன்று நாள் வசூல் எப்படியோ, பெரிய பட்ஜெட் கேம்களுக்கு முதல் சில வாரங்கள் அப்படி. அந்த வாரங்களுக்குப் பூட்டு போடுவதில் நியாயமும் உண்டு, லாபமும் உண்டு என்று நான் நினைக்கிறேன். அதற்கு மேலும் அதை விட்டுவைத்தால் நஷ்டம் முழுக்க காசு கொடுத்து வாங்கியவர் தலையில்தான் விழுகிறது.

இன்றைக்குக் கணினி கேம்களில் பூட்டு என்றாலே முதலில் நினைவுக்கு வருவது டெனுவோ. ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் நகரில் தொடங்கிய நிறுவனம் இது. முன்பு சோனியின் கீழ் செக்யூராம் என்ற தடுப்பு முறையைச் செய்துவந்தவர்களே தனியாகப் பிரிந்து இதை அமைத்தார்கள். 2014-இல் ‘ஃபிஃபா 15’, ‘டிராகன் ஏஜ்: இன்க்விசிஷன்’ போன்ற கேம்களோடு சந்தைக்கு வந்தது. 2018-இல் இர்டெட்டோ என்ற நிறுவனம் அதை வாங்கிவிட்டது.

டெனுவோ நேரடியாக உரிமத்தைச் சரிபார்ப்பதில்லை. ஸ்டீம் போன்ற இணையக் கடைகள் செய்யும் உரிமச் சோதனையை யாரும் பிடுங்கி எறியாதபடி காவல் காப்பதே அதன் வேலை. முதல் தடவை கேமைத் திறக்கும்போது அது இணையத்தில் போய், நம் கணினியின் வன்பொருளுக்கு மட்டுமே பொருந்தும் ஒரு அனுமதிக் கோப்பை வாங்கிவரும். கேமுக்குள் இருக்கும் சில செயல்பாடுகளின் கட்டளைகள் வேறொரு வடிவத்துக்கு மாற்றப்பட்டிருக்கும். அவற்றைப் படித்து ஓட்டுவதற்கென்றே ஒரு மெய்நிகர் இயந்திரம் உள்ளே இருக்கும். அந்த இயந்திரம் கணக்குப் போட அனுமதிக் கோப்பில் உள்ள எண்கள் வேண்டும். வேறொரு கணினிக்கு நகலெடுத்துக்கொண்டுபோனால் எண்கள் பொருந்தாது, கேம் நின்றுவிடும். உடைக்க நினைப்பவர் இந்த முடிச்சுகளை ஒவ்வொன்றாகத் தேடி அவிழ்க்க வேண்டும். ஒரு கேமில் கற்றது அடுத்த கேமில் அப்படியே உதவாது.

ஆரம்பத்தில் இது அசைக்க முடியாததாகத்தான் தெரிந்தது. ‘டிராகன் ஏஜ்’ உடைவதற்கு ஏறத்தாழ ஒரு மாதம் ஆனது. பூட்டுகளை உடைக்கும் சீனாவின் 3டிஎம் என்ற குழு ‘ஜஸ்ட் காஸ் 3’ கேமோடு போராடிப் பார்த்துவிட்டு, இப்படியே போனால் இன்னும் இரண்டு வருடத்தில் உலகத்தில் இலவசமாக விளையாட எதுவுமே மிஞ்சாது என்று 2016 ஜனவரியில் புலம்பியது. அதே ஆண்டு ஆகஸ்டில் ‘ரைஸ் ஆஃப் தி டூம் ரைடர்’ உடைந்தது. 2017 ஜனவரியில் வந்த ‘ரெசிடென்ட் ஈவில் 7’ ஐந்தே நாளில் உடைந்தது. அந்த வருடக் கடைசியில் சில கேம்கள் ஒரு நாள்கூடத் தாங்கவில்லை. டெனுவோ மறுபடி இறுக்கியது, மறுபடி உடைந்தது. இப்படி ஏறி இறங்கும் இந்தப் போட்டியே ஆய்வாளர்களுக்கு ஒரு நல்ல வாய்ப்பைக் கொடுத்தது. ஒரே வகைப் பூட்டு, ஆனால் ஒரு கேம் ஐந்து நாளில் உடைகிறது, இன்னொன்று ஐந்து மாதம் தாங்குகிறது. இரண்டு வகைக் கேம்களின் விற்பனையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், உடைவதால் என்ன இழப்பு என்பது கிட்டத்தட்டத் தெரிந்துவிடும்.

அதைத்தான் வில்லியம் வோல்க்மன் என்ற ஆய்வாளர் செய்தார். 2014 செப்டம்பர் முதல் 2022 கடைசி வரை ஸ்டீமில் டெனுவோவோடு வந்த 86 கேம்களை எடுத்துக்கொண்டார். அவர் கட்டுரை 2024-இல் வெளியானது. வெளியான உடனேயே ஒரு கேம் உடைந்துவிட்டால், உடையாமல் இருந்திருந்தால் கிடைத்திருக்கக்கூடிய மொத்த வருவாயில் சராசரியாக 20 சதவீதம் போய்விடும் என்பது அவர் மதிப்பீடு. நாள் செல்லச் செல்ல இந்த இழப்பு குறைகிறது. 12 வாரம் தாங்கிவிட்ட கேம் அதன்பிறகு உடைந்தால் இழப்பு ஏறக்குறைய பூஜ்யம்.

ஸ்பைரோ குழுவினர் அனுபவத்தில் போட்ட கணக்கும் இந்த ஆய்வும் இருபது வருட இடைவெளியில் கிட்டத்தட்ட ஒரே இடத்துக்கு வந்து சேர்கின்றன. 20 சதவீதம் என்பது சின்னத் தொகை இல்லை. நூற்றுக்கணக்கான பேர் நாலைந்து வருடம் உழைத்த கேமில், அடுத்த கேமுக்கு வேலை இருக்குமா இருக்காதா என்பதையே அது முடிவு செய்யலாம். பைரசியால் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை என்று இனிமேல் சொல்ல முடியாது.

ஆனால் இந்த ஆய்வு சொல்லாத ஒன்றையும் கவனிக்க வேண்டும். நிறுவனங்கள் உண்மையான விற்பனைக் கணக்கை வெளியில் சொல்வதில்லை என்பதால், வெளியே தெரியும் தடயங்களை வைத்துப் போட்ட மதிப்பீடு இது. எடுத்துக்கொண்ட எல்லாக் கேம்களிலும் டெனுவோ இருந்தது. ‘டெனுவோ இருக்கிறதா? எனக்கு வேண்டாம்’ என்று வாங்காமலே போனவர்கள் இந்தக் கணக்குக்குள் வரவில்லை. அவர்கள் எத்தனை பேர் என்பதை இந்த முறையில் கண்டுபிடிக்கவும் முடியாது.

அப்புறம் செலவு. 2020-இல் கிரைடெக் என்ற கேம் நிறுவனத்தின் ஆவணங்கள் கசிந்தபோது டெனுவோவின் விலைப் பட்டியலும் வெளியே வந்தது. ‘கிரைசிஸ் ரீமாஸ்டர்ட்’ கேமுக்கு முதல் 12 மாதத்துக்கு 1,26,000 முதல் 1,40,000 யூரோ வரை, அதன்பிறகு மாதம் 2,000 யூரோ. 2 கோடி யூரோ சம்பாதிக்கப் போகும் கேமுக்கு 20 சதவீதம் என்றால் 40 லட்சம் யூரோ. அதைக் காப்பாற்ற ஒன்றரை லட்சத்துக்கும் குறைவாகச் செலவழிப்பது நல்ல வியாபாரம்தான். மொத்தமே 3 லட்சம் யூரோ வரும் சின்ன கேமுக்கு, காப்பாற்றும் பணம் 60,000, பூட்டின் விலை அதைப்போல இரண்டு மடங்கு. பூட்டு பெரியவர்களுக்கு மட்டும் கட்டுப்படியாகிறது.

ஐரோப்பிய ஆணையம் 2015-இல் முடித்து, 2017-இல்தான் வெளியே வந்த ஓர் ஆய்வும் உண்டு. ஆறு நாடுகளில் கிட்டத்தட்ட 30,000 பேரிடம் கேட்டு எடுத்தது. சினிமா தவிர மற்றவற்றில் பைரசி விற்பனையைக் குறைக்கிறது என்பதற்கு உறுதியான புள்ளிவிவரச் சான்று இல்லை, கேம்களில் விற்பனை கூடுவதாகக்கூடத் தெரிகிறது என்றது அது. பூட்டை எதிர்ப்பவர்கள் இதை அடிக்கடி எடுத்துக்காட்டுவார்கள். அந்த மதிப்பீட்டின் பிழை எல்லை பெரியது. ஓசியில் விளையாடிப் பழகியவர் பின்னாளில் வாங்குபவராக மாறுவது நடக்கக்கூடியதுதான். ஆனால் அது ஒரு துறை முழுக்கப் பல வருடத்தில் நடப்பது. இந்த வெள்ளிக்கிழமை வெளியாகும் ஒரு குறிப்பிட்ட கேமுக்கு அதனால் ஆறுதல் கிடைக்காது.

சரி, வாங்கியவர் பக்கத்துக்கு வருவோம். எனக்குக் கோபம் வரும் இடம் இதுதான்.

2008-இல் ‘ஸ்போர்’ வந்தபோது அதில் செக்யூராம் இருந்தது. மூன்று கணினிகளில் நிறுவலாம், அவ்வளவுதான். விண்டோஸை மறுபடி போட்டால் ஒன்று கழியும். முழு விலை கொடுத்தவர்கள் அமேசானில் ஒற்றை நட்சத்திர மதிப்பீடுகளாகக் குவித்தார்கள். பிறகு எண்ணிக்கையை ஐந்தாக உயர்த்தினார்கள். திருட்டு நகலோ கேம் அதிகாரபூர்வமாக வெளியாகும் முன்பே டோரன்ட்டில் வந்துவிட்டது, அதில் எந்த வரம்பும் கிடையாது. 2010-இல் யூபிசாஃப்ட் ‘அசாசின்ஸ் கிரீட் 2’ கேமுக்கு எந்நேரமும் இணையத்தில் இருந்தே ஆக வேண்டும் என்ற முறையைக் கொண்டுவந்தது. ஒருவர் மட்டும் விளையாடும் கதை கேம் அது. மார்ச் மாதம் அந்த சர்வர்கள் மீது தாக்குதல் நடந்தபோது, வாங்கியவர்கள் வீட்டில் உட்கார்ந்து வெற்றுத் திரையைப் பார்க்க வேண்டியதாயிற்று. 2013-இல் நகரம் கட்டி விளையாடும் ‘சிம்சிட்டி’க்கும் இதே கதி. சர்வர் தாங்காமல் முதல் வாரம் முழுக்க ரகளை. நகரத்தின் கணக்குகள் சர்வரில்தான் நடக்கின்றன, இணையம் இல்லாமல் ஓட்டவே முடியாது என்று சொல்லிவந்தார்கள். இணைப்பைத் துண்டித்தாலும் நகரம் ஓடும் என்பதை ஒருவர் கேமைத் திருத்திக் காட்டினார். ஒரு வருடம் கழித்து நிறுவனமே ஆஃப்லைன் வசதியைக் கொடுத்தது.

டெனுவோவிலும் இப்படி நடந்திருக்கிறது. 2021 நவம்பரில் டெனுவோவின் இணைய முகவரிகளில் ஒன்றைப் புதுப்பிக்கத் தவறியதால் பல கேம்கள் சில மணிநேரம் திறக்கவே இல்லை. அதே ஆண்டு வந்த ‘ரெசிடென்ட் ஈவில் வில்லேஜ்’ கேமில் ஜோம்பிகளைச் சுடும்போது படம் திக்கித் திக்கி ஓடியது. உடைத்து வெளியிட்ட நகலில் அந்தத் திக்கல் இல்லை. டெனுவோவின் மேல், கேமை வெளியிட்ட கேப்காம் நிறுவனம் தன் பங்குக்கு இன்னொரு பூட்டையும் சேர்த்திருந்ததுதான் காரணம் என்று அதை உடைத்தவர்கள் சொன்னார்கள். கேப்காம் அடுத்து வெளியிட்ட பேட்ச்சில் (திருத்தக் கோப்பில்) தடுப்புத் தொழில்நுட்பத்தைச் சீர்செய்திருப்பதாக அறிவித்தது, திக்கலும் போயிற்று. காசு கொடுத்தவனுக்கு மட்டமான சரக்கு, கொடுக்காதவனுக்கு நல்ல சரக்கு என்று ஒரு கடை நடந்தால் நாம் என்ன சொல்வோம்?

இவை எல்லாம்கூட நாளடைவில் சரியாகிவிட்ட கோளாறுகள். சரியாகவே ஆகாத ஒன்று இருக்கிறது. தொண்ணூறுகளின் கடைசியிலும் அடுத்த பத்தாண்டிலும் வந்த ஏராளமான டிஸ்க் கேம்களில் சேஃப்டிஸ்க் என்ற பூட்டு இருந்தது. டிஸ்க் அசல்தானா என்று பார்க்க அது விண்டோஸின் ஆழத்தில் டிரைவர் என்ற சிறு நிரல் ஒன்றைப் போட்டுவைக்கும். அந்த டிரைவர் பாதுகாப்புக்கு ஓட்டை என்று சொல்லி 2015-இல் வந்த விண்டோஸ் 10-இல் மைக்ரோசாஃப்ட் அதற்கு இடம் கொடுக்கவில்லை. பழைய செக்யூராம் கேம்கள் பலவற்றுக்கும் இதே நிலை. மைக்ரோசாஃப்ட் செய்தது சரிதான். ஆனால் அன்றைக்குக் கடையில் ரசீது போட்டு வாங்கி, கீறல் விழாமல் அலமாரியில் வைத்திருக்கும் டிஸ்க் இன்றைக்கு ஓடாது. அதை ஓட்ட வேண்டுமானால் இணையத்தில் தேடி, பூட்டை உடைக்கும் கிராக் கோப்பு ஒன்றை இறக்கிப் போட வேண்டும். இத்தனைக்கும் அந்தக் கேம்களில் பெரும்பாலானவை விற்பனைக்கு வந்து முதல் மாதத்திலேயே உடைக்கப்பட்டவை. காவலுக்கு வேலை முடிந்து இத்தனை வருடம் கழித்தும் பூட்டு தன் சொந்தக்காரரை வெளியே நிறுத்திவைத்திருக்கிறது. யாரும் திட்டமிட்டுச் செய்த கெடுதல் இல்லை இது. எப்போது கழற்றுவது என்று யாரும் யோசிக்காததால் வந்தது.

பூட்டே வேண்டாம் என்று முடிவெடுத்தவர்களில் முக்கியமானவர்கள் போலந்தின் சிடி புரொஜெக்ட் நிறுவனத்தார். தொண்ணூறுகளில் வார்சாவின் கணினிச் சந்தையில் அசல் கேம்களை விற்றுத் தொழில் தொடங்கியவர்கள். சுற்றிலும் திருட்டு டிஸ்க் கடைகள். ‘பால்டர்ஸ் கேட்’ கேமைப் போலந்து மொழியில் கொண்டுவந்தபோது, பெட்டிக்குள் வரைபடமும் இசைத்தட்டும் கையேடும் வைத்து, திருட்டுக் கடைக்காரர் கொடுக்க முடியாததைக் கொடுத்தார்கள். 2011-இல் அவர்களுடைய ‘விட்சர் 2’ இரண்டு வடிவில் வந்தது. கடைகளில் விற்ற டிஸ்க்கில் செக்யூராம், அவர்களுடைய ஜிஓஜி என்ற இணையக் கடையில் பூட்டே இல்லாத பதிப்பு. இதில் கவனிக்க வேண்டியது, இணையத்தில் திருட்டு நகலாகப் பரவியது செக்யூராம் போட்ட பதிப்பை உடைத்த நகல்தான் என்று அவர்களே சொன்னது. பூட்டில்லாத பதிப்பு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும், உடைப்பவர்களுக்கு உடைப்பதில்தான் பெருமை. சில நாளிலேயே ஒரு பேட்ச் மூலம் எல்லாருக்கும் பூட்டை எடுத்துவிட்டார்கள், கேம் அதனால் வேகமாக ஓடுவதாகவும் அறிவித்தார்கள். 2015-இல் வந்த ‘விட்சர் 3’க்கு முதல் நாளிலிருந்தே ஜிஓஜியில் பூட்டு கிடையாது. 2023-க்குள் அது 5 கோடிப் பிரதிகளைத் தாண்டியது.

இதை எல்லாரும் பின்பற்றலாம் என்று சொல்ல எனக்குத் தயக்கம் உண்டு. ‘விட்சர் 3’ போன்ற ஒரு கேமுக்கு வருடக்கணக்கில் வாய்வழி விளம்பரம் கிடைத்தது, அதன் விற்பனை முதல் 12 வாரத்தோடு முடியவில்லை. வருடாவருடம் வரும் கால்பந்து கேமுக்கு அந்த வசதி இல்லை, அடுத்த வருடம் அதை யாரும் சீண்டமாட்டார்கள்.

ஸ்டீமை நடத்தும் வால்வின் தலைவர் கேப் நியூவெல் 2011-இல் சொன்ன கருத்து இந்த விஷயத்தில் பலமுறை மேற்கோள் காட்டப்பட்டது: பைரசி பெரும்பாலும் விலையால் வருவது இல்லை, சேவை சரியில்லாததால் வருவது. ரஷ்யாவில் எல்லாரும் திருடத்தான் செய்வார்கள், அங்கே போகாதே என்று சொன்னார்களாம். போய், நேரத்துக்கு ரஷ்ய மொழியில் கேம்களைக் கொடுத்தபோது அது ஐரோப்பாவில் அவர்களுடைய பெரிய சந்தைகளில் ஒன்றானது. பாதி உண்மை என்பேன். சென்னை பர்மா பஜாரில் திருட்டு டிஸ்க் வாங்கி விளையாடிய தலைமுறைக்கு அசல் கேம் அதே தெருவில் கிடைக்கவும் இல்லை, கிடைத்த இடத்தில் விலை கட்டுப்படியாகவும் இல்லை. ஸ்டீம் 2015-இல் ரூபாயில் விலை போடத் தொடங்கி, யூபிஐ போன்ற வழிகளும் வந்தபின் நிறைய பேர் வாங்குபவர்களாக மாறினார்கள். அங்கே சேவையும் விலையும் சேர்ந்தே வேலை செய்தன. இன்று புதிய பெரிய கேம் 4,000 ரூபாயைத் தாண்டும்போது, கல்லூரி மாணவர் ஒருவரை டெனுவோ தடுத்து நிறுத்தலாம், வாங்கவைக்க அதனால் முடியாது.

பூட்டு வாங்க வழியில்லாத சின்னக் குழுக்களின் நிலைமை வேறு. 2013 ஏப்ரலில் கிரீன்ஹார்ட் கேம்ஸ் என்ற இரண்டு சகோதரர்களின் நிறுவனம் ‘கேம் டெவ் டைகூன்’ என்ற கேமை 8 டாலருக்கு வெளியிட்டது. கேம் நிறுவனம் ஒன்றை நடத்துவதுதான் கேமே. அதே நாளில் அவர்களே ஒரு ‘கிராக்’ பதிப்பை டோரன்ட்டில் ஏற்றிவிட்டார்கள். அதில் ஒரே ஒரு வித்தியாசம். கொஞ்ச தூரம் போனதும், நாம் செய்த கேமை எல்லாரும் திருட்டுத்தனமாக விளையாடுகிறார்கள் என்று ஒரு செய்தி வரும், அப்புறம் என்ன செய்தாலும் நிறுவனம் திவாலாகிவிடும். முதல் நாள் முடிவில் விளையாடியவர்களில் 93.6 சதவீதம் பேர் அந்தப் பதிப்பில் இருந்தார்கள். காசு கொடுத்தவர்கள் 214 பேர். திருட்டு நகலில் விளையாடிய சிலர், பைரசியால் என் நிறுவனம் மூழ்குகிறது, நகல் தடுப்பை ஆராய்ச்சி செய்ய வழி உண்டா என்று இணையத்தில் உதவி கேட்டார்கள்.

எவ்வளவு பேர் என்று பார்த்தால் நெஞ்சு பதறும். ஆனால் அந்த மூவாயிரத்துச் சொச்சம் பேரும் பூட்டு இருந்திருந்தால் வாங்கியிருப்பார்கள் என்று சொல்ல முடியாது. அந்தச் சகோதரர்கள் கையில் இருந்த உண்மையான ஆயுதம் அந்தக் கதைதான். அது செய்திகளில் வந்து, அதுவரை பேர்கூடத் தெரியாத கேமை ஊரறியச் செய்தது. சின்னக் குழுவுக்கு முதல் எதிரி திருட்டு நகல் இல்லை, தன் கேம் இருப்பதே யாருக்கும் தெரியாமல் போவது.

பெரிய நிறுவனங்களிடம் திரும்பினால், கழற்றும் வழக்கம் இல்லாமல் இல்லை. 2016 மே மாதம் வந்த ‘டூம்’ அந்த டிசம்பரிலேயே டெனுவோவை எடுத்துவிட்டது. ‘ரைம்’ கேமை 2017-இல் வெளியிட்டவர்கள், உடைந்தால் எடுத்துவிடுகிறோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். சில நாளில் உடைந்தது, சொன்னபடியே எடுத்தார்கள். ‘வில்லேஜ்’ கேமிலிருந்து கேப்காம் 2023-இல் எடுத்தது. மாதம் 2,000 யூரோ கட்டணம் ஓடிக்கொண்டிருப்பதும் பலரைக் கழற்றத் தூண்டியிருக்கும். ஆனால் இவை எல்லாம் நிறுவனத்தின் மனம்போல நடப்பவை. சில கேம்களில் ஒரு வருடம், சிலவற்றில் மூன்று, சிலவற்றில் உடைந்து வருடக்கணக்கானபின்னும் அப்படியே. நிறுவனம் மூடிப்போனாலோ உரிமை கைமாறினாலோ கழற்ற ஆளே இருக்காது. சேஃப்டிஸ்க் டிஸ்க்குகளுக்கு நேர்ந்தது அதுதான்.

12 வாரம் போதும் என்று நிறுவனங்களுக்குச் சாதகமான வோல்க்மனின் ஆய்வே சொல்கிறது. கூடுதலாக விட்டாலும் ஆறு மாதம் போதும். அந்தத் தேதியை விற்கும்போதே சொல்வதில் நிறுவனத்துக்கு இழப்பு இல்லை. ஆறு மாதம் காத்திருக்கத் தயாராக இருக்கும் திருடர் எப்படியும் முதல் வார வாடிக்கையாளர் இல்லை. டெனுவோ பிடிக்காமல் ஒதுங்கி நிற்பவர்களோ அந்தத் தேதியில் வந்து வாங்குவார்கள். இப்போது ஸ்டீமில் டெனுவோ உள்ள ஒரு கேமின் பக்கத்தைத் திறந்தால் வலது ஓரத்தில் ஒரு சின்னக் கட்டம் இருக்கும். டெனுவோ இருக்கிறது, ஒரு நாளைக்கு ஐந்து கணினிகளுக்கு மேல் இயக்க முடியாது என்று அதில் போட்டிருக்கும். வாங்கும் முன் அதைப் பார்த்துவிடுங்கள். கழற்றும் தேதிக்கும் அந்தக் கட்டத்திலேயே இன்னொரு வரி சேர்க்கச் சொல்லி நாம் கேட்க வேண்டும்.